டில்லிக்குப் போன சட்டை

என் தம்பி டேனியலை ஆம்பூரில் எல்லாருக்கும் தெரியும் என்று சொன்னால் அது பொய். சர்ச்சில் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டைக் குரலில் பாடுவாரே, அவர் என்று சொன்னால் சிலருக்குத் தெரியலாம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிறவர்களோடு நின்று பேசிக்கொண்டிருப்பான். மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் பொண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொள்வான். கூச்ச சுபாவம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். கூச்சமாவது மண்ணாவது! வீட்டுக்குள் வந்துவிட்டால் அவன் வாயை யாராலும் மூட முடியாது.

காரணம் அவன் பார்க்கிற வேலை. டேனரியை நாங்கள் தோல் ஷாப் என்போம். அங்கே சுண்ணாம்புப் பக்கத்தில் அவனுக்கு வேலை. உப்புப் போட்டு வந்து இறங்குகிற பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிரையும் சவ்வையும் நீக்குகிற இடம் அது. நானும் தோலில்தான் பிழைக்கிறேன். ஆனால் நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவள். என் கைக்கு வரும்போது தோல் சாயமும் பளபளப்புமாக இருக்கும், கடையில் மோந்து பார்த்து வாங்குவார்கள். அவன் கைக்கு வரும்போது அது இன்னும் மாடுதான். அங்கே வேலை செய்கிறவன் எத்தனை தடவை தேய்த்துக் குளித்தாலும் வாடை போகாது என்பார்கள். என்பார்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வாடை தெரியாது. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும்; கூட்டத்தில் அப்படி ஒருத்தர் இருந்தாலே போதும், டேனியல் ஒதுங்கிவிடுவான்.

டேனியல் பொண்டாட்டி ரோஸ்லின் ஆற்காட்டுக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் காலையில் எழுந்தால் வாந்தி எடுத்தாள். அதற்குள்ளேயா என்று தெருவே கிண்டல் செய்தது. நான் போய் மாங்காய் வாங்கிக் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே, அதெல்லாம் ஒன்றும் இல்லை அண்ணி, ஊரே நாறுகிறது, உங்களுக்கு அடிக்கவில்லையா என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாழ வந்த இடத்தை நாறுகிறது என்று சொல்கிறாளே, என்ன திமிர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவளுக்குச் சரியாகிவிட்டது. அடுத்த பண்டிகைக்கு ஆற்காட்டிலிருந்து வந்த அவளுடைய அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினபோது, எதுக்கும்மா மூக்கை மூடுறே என்று கேட்டதும் அவள்தான். உனக்கும் ஆம்பூர் மூக்கு வந்துவிட்டது என்று டேனியல் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. ஆம்பூர் மூக்கு.

அவர்கள் மகள் ஷர்மிளா பிறக்கும்போதே அந்த மூக்கோடு பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா வேலைக்குப் போய்விட்டால், அவன் கழற்றிப் போட்ட சட்டையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அதைத் துவைக்கப் போட்டால் அழுது தெருவைக் கூட்டிவிடுவாள். 'அப்பா வாசம்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். டேனியல் அதை ஷாப்பில் போய் எல்லாரிடமும் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டான். பஸ்ஸிலும் கடையிலும் முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவனுக்கு, அவனை மோந்து பார்த்துச் சிரிக்கவும் ஒரு ஜீவன் இருந்தது. அதுக்காகவே அவன் வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வருவான்.

அவள் ஏழாவது படிக்கும்போது, ரோஸ்லினுக்கு வயிற்றுவலி என்று மூன்று பேரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பஸ்ஸில் டேனியலுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டாள். ஏன் எழுந்து போகிறார்கள் என்று ஷர்மிளா கேட்டாள். இறங்குகிற இடம் வந்துவிட்டது என்று அவன் சொன்னான். அந்த அம்மாளோ வேலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தாள். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள். எனக்கு மழுப்பத் தெரியாது. உங்க அப்பன் மேல் தோல் வாடை அடிக்கிறதாம், அதுதான் என்று சொன்னேன். அந்த வாடையில் வருகிற ஷூவைப் போட்டுக்கொண்டு சீமாட்டிகள் நடப்பார்கள், செய்கிறவன் பக்கத்தில் உட்காரக் கூடாதாம். ஷர்மிளா கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் அடிக்கலையே அத்தை என்றாள். எனக்கும்தான் அடிக்கவில்லை.

அங்கேதான் ஆரம்பித்தது. எட்டாவதில் அறிவியல் கண்காட்சி வந்தது. தேசிய அளவில் போட்டி, ஜெயித்தால் டில்லி வரைக்கும் போகலாம் என்று அறிவியல் எடுக்கிற ஹேமலதா டீச்சர் சொன்னார். மற்ற பிள்ளைகள் எரிமலையும் காற்றாலையும் செய்தபோது, இவள் வாடையைப் போக்குகிற தூள் செய்கிறேன் என்று நின்றாள். பூந்திக்கொட்டை, ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிக் காயவைத்த எலுமிச்சைத் தோல், வேப்பிலை, பிரியாணிக் கடைப் பின்பக்கம் பொறுக்கின அடுப்புக்கரி. கரியைப் பொடித்துத் துணியில் முடிந்து, தூள் கரைத்த தண்ணீரில் போட்டு, அதில் டேனியலின் வேலைச் சட்டையை ஊறவைப்பாள். 'வாடைக்கொல்லி' என்று அதற்குப் பெயர். வாசலில் காய்கிற எலுமிச்சைத் தோலைத் தாண்டாமல் அவர்கள் வீட்டுக்குள் நுழைய முடியாது. அந்தப் பேஜாரையெல்லாம் டேனியல் பொறுத்துக்கொண்டான்.

மெடலுக்காக அவள் அதைச் செய்யவில்லை. ஒருநாள் என் எதிரிலேயே அப்பனிடம் சத்தியம் வாங்கினாள்.

“இது ஜெயிச்சுதுன்னா அடுத்த மீட்டிங்குக்கு நீ உள்ளார வரணும். மரத்தடில நிக்கக் கூடாது. என் பெஞ்சுல வந்து உக்காரணும்.”

“வர்றேம்மா,” என்றான் அவன். “பெஞ்சு இன்னா, டீச்சர் சேர்லயே உக்கார்றேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்குத் தெரியும், நான் அவனைத் தூக்கி வளர்த்தவள்.

சோதனையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். வெறும் சோப்பில் துவைத்த சட்டைத் துணி ஒன்று, தூளில் துவைத்தது ஒன்று. வகுப்புப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி இரண்டையும் மோக்கச் சொன்னாள். தூளில் துவைத்ததில் எலுமிச்சை வாசம்தான் வருகிறது, வேறு ஒன்றுமே இல்லை என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் மோந்தேன், ரோஸ்லினும் மோந்தாள். ஹேமலதா டீச்சரும் மோந்தார். அவர் வாணியம்பாடிக்காரர், அந்த ஊரிலும் தோல் ஷாப்தான். மாவட்டப் போட்டி ஆம்பூரிலேயே நடந்தது. ஊர்க்காற்று முழுக்க ஒரே வாடையாக இருக்கும்போது ஒரு சட்டையில் என்ன தனியாகத் தெரியப்போகிறது? முதல் பரிசு கொடுத்தார்கள். மாநில அளவில் வீடியோ எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வீடியோவுக்கு ஏது மூக்கு? அதிலும் தேர்வாகிவிட்டாள்.

டில்லிக்கு அவளும் டீச்சரும் கிளம்பினார்கள். தூளில் துவைத்த டேனியலின் காக்கிச் சட்டையை மடித்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் டேனியல் அந்தச் சட்டையோடு பேசினான். நான் பார்க்காத ஊரையெல்லாம் நீ பார்க்கப்போகிறாய், ராஜா என்றான்.

அங்கே நடந்ததை டீச்சர் திரும்பி வந்த பிறகு என் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். பல மாநிலத்துப் பிள்ளைகளோடு ஹாஸ்டலில் தங்கவைத்தார்களாம். போட்டி நடந்தது கடைசி நாளில். நடுவராக வந்த அம்மாள் சிரித்த முகம், ஷர்மிளா இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு போனதைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பிறகு டப்பாவைத் திறந்திருக்கிறார். திறந்ததும் தலை தானாகப் பின்னால் போய்விட்டது. இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாடை போய்விட்டது என்று யார் மோந்து சொன்னது என்று அந்த அம்மாள் கேட்டார். நாங்கள்தான் என்றாள் ஷர்மிளா. நாங்கள் என்றால் யார், எந்த ஊர் என்று கேட்டார். எல்லாரும் ஆம்பூர் என்றாள். அந்த அம்மாள் திட்டவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டு சோதித்திருக்க வேண்டும் கண்ணு, அடுத்த முறை அப்படிச் செய் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு ஷர்மிளா குனிந்து டப்பாவுக்குள் முகத்தை வைத்திருக்கிறாள். ஊரை விட்டு வந்து இத்தனை நாள் ஆகிவிட்டது அல்லவா? அவளுக்கு அடித்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அடித்தது.

“எனக்கும் அடிச்சுதுங்க,” என்று டீச்சர் அழுதார். “பொணத்துக்கிட்ட நிக்கிற மாதிரி இருந்துச்சு. புள்ள டப்பாவ மூடிட்டு, கடைசி வரைக்கும் அதும் மேல கைய வெச்சு அழுத்திக்கினே நின்னுச்சு.”

ஹாஸ்டலை விட்டுக் கிளம்பும்போது டப்பாவைக் காணோம். பின்பக்கத்துக் குப்பைத் தொட்டியில் அவளே போட்டுவிட்டாளாம்.

இது எதுவும் தெரியாமல்தான் டேனியலும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். பரிசு வரவில்லை என்பது மட்டும் போனில் தெரியும். அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை, டில்லி வரைக்கும் போனதே ஜாஸ்தி என்றான். மகள் வருகிறாள் என்று அவள் தூளையே கரைத்துத் தலையோடு குளித்து, அதிலேயே துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சென்னையிலிருந்து சாயங்கால ரயில் வந்தது. அவள் இறங்கியதும் ஓடிப்போய் வழக்கம்போலத் தலையை இழுத்து மார்பில் சேர்த்துக்கொண்டான்.

நான் பக்கத்திலேயே நின்றேன். என் கண்ணால் பார்த்தேன். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு இறுகிவிட்டது. அவன் விட்டதும் பின்னால் நகர்ந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். டில்லியில் ரொம்பக் குளிர், சளி பிடித்துவிட்டது என்றாள். கைக்குட்டைகளை டேனியல் எவ்வளவோ பார்த்திருக்கிறான். எந்தக் கைக்குட்டை சளிக்கு, எந்தக் கைக்குட்டை தனக்கு என்று அவனுக்குத் தெரியாதா? அவன் முகம் விழுந்துபோனது. ஆட்டோவில் பின்னால் இடம் இருந்தும், டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்து, சட்டை எங்கேம்மா என்று கேட்டான்.

“அவங்களே வெச்சுக்கிட்டாங்கப்பா,” என்றாள். “ஆராய்ச்சி பண்ணுவாங்களாம்.”

அவன் சிரித்தான். மறுநாள் ஷாப்பில் எல்லாரிடமும், நம்ப சட்டை டில்லியில் இருக்கிறது என்று சொன்னான். தெரிந்தேதான் சொன்னான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சளி சில நாள் நீடித்தது. ரோஸ்லின் மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஷர்மிளா அதை மறுக்காமல் குடித்தாள். ஜன்னலோரம் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தாள். டேனியல் வேலை விட்டு வந்தால் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். வீட்டில் அவன் குரலே கேட்கவில்லை. யாரைத் திட்டுவது? பிள்ளையைத் திட்டுவதா? பொய் சொல்லத் தெரியாத மூக்குக்கு அவள் என்ன செய்வாள்? கம்பெனியில் மெஷினோடு சண்டை போட்டு ஊசியை உடைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பிறகு ஒருநாள் காலையில் அவளே கொடியில் கிடந்த அப்பன் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடி மோந்தாள். என்னிடம் ஓடிவந்தாள், சளி போய்விட்டது அத்தை என்று. கண்ணில் தண்ணீர்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டில்லிக்குப் போன பிள்ளைக்குச் சால்வை போடுகிறோம், அப்பா அம்மா இரண்டு பேரும் மேடைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரோஸ்லினும் நானும் உள்ளே போய் உட்கார்ந்தோம். டேனியல் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டான். ஷர்மிளா எழுந்து வெளியே ஓடினாள். அவள் போன வேகத்தைப் பார்த்துப் பயந்து நானும் பின்னால் போனேன்.

அவள் கிட்டே போகப் போக, அவன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தான். மரத்தில் முதுகு முட்டியதும் நின்றான். அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, முகத்தைப் புதைத்து மூச்சை நன்றாக இழுத்தாள்.

“உள்ளார வாப்பா. எனக்கு ஒண்ணுமே அடிக்கல. சத்தியமா அடிக்கல.”

“தெரியும்மா,” என்றான் டேனியல். அவள் தலையைத் தொடப் போன கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். “உனக்குத் திரும்பவும் ஆம்பூர் மூக்கு வந்துருச்சு. நீ உள்ள போ.”

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.