லவங்கப்பட்டைத் தூளும் ஓடிப்போன மருந்தும்

ட்ரோல்ஸைப் போன்ற சுத்தக்காரனை நான் கண்டதே இல்லை. ஆர்ஹுஸ் நகர ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. காபிக் கோப்பைக்குக் கீழே ஒரு துணி, அந்தத் துணி அழுக்காகாமலிருக்க இன்னொரு துணி! கணினிக்குக் கட்டளைகளாக எழுதும் ஸ்கிரிப்டைக்கூடப் பெருக்கித் துடைத்துத்தான் வைப்பான்.

அன்று அவனுக்கு இருபத்தைந்தாவது பிறந்தநாள். கல்யாணமாகாமல் இருபத்தைந்தைத் தொட்டவனை எங்கள் ஊரில் சும்மா விடமாட்டோம். விளக்குக் கம்பத்தில் கட்டி, தண்ணீர் ஊற்றி, தலையிலிருந்து கால்வரை லவங்கப்பட்டைத் தூளைக் கொட்டுவோம். நானே ஒரு பெரிய பை நிறைய வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். ஆனால் ஆளோ பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, பொறந்தநாளும் அதுவுமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"போச்சு, பொடில், எல்லாம் போச்சு," என்று என்னைப் பார்த்துப் புலம்பினான். " மருந்து புரதத்தை விட்டு ஓடிப்போச்சு."

அவன் ஆராய்ச்சியே அதுதான். கணினிக்குள் கற்பனையாக ஒரு பெட்டி, பெட்டி நிறையத் தண்ணீர், நடுவில் ஒரு புரதம், அதன் குழிக்குள் ஒரு மருந்து மூலக்கூறு. மருந்து குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தான். இன்று இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால், வரைபடக் கோடு திடீரென்று கூரைக்கு எகிறுகிறது. மதியம் பேராசிரியர் மெரெட்டேயிடம் காட்டியாக வேண்டும். பார்த்தால், இந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார் என்பாள்.

"ஸ்கிரிப்ட்ல கோளாறு இருக்குமோ?"

"வாய்ப்பே இல்ல. நேத்துதான் சுத்தம் பண்ணேன், பளிச்னு இருக்கு!"

அந்த நேரம் பார்த்து ஆஸ்கர் கயிறும் வாளியுமாக உள்ளே வந்தான். அவன்தான் எங்கள் கூட்டத்தின் வானரம். ட்ரோல்ஸ் எழுந்தான் பாருங்கள், கிழக்குக் கதவு வழியாக ஒரே ஓட்டம்! பையைத் தூக்கிக்கொண்டு நாங்களும் ஓடினோம். தாழ்வாரத்தில் ஆளையே காணோம். திரும்பிப் பார்த்தால், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கதவு வழியாக மூச்சிரைக்க உள்ளே நுழைகிறான்.

"அடேய், கிழக்கால போனவன் மேற்கால வர்றான்டோய்!" என்று ஆஸ்கர் கத்தினான்.

ட்ரோல்ஸ் அப்படியே நின்றுவிட்டான். "என்ன சொன்ன? ஐயோ, பெட்டி! பொடில், பெட்டி!"

எனக்கும் உறைத்தது. அந்தப் பெட்டியின் ஒரு சுவர் வழியாக வெளியே போவது எதிர்ச்சுவர் வழியாக உள்ளே வரும். அப்படித்தான் அதை அமைப்போம். புரதம் நகர்ந்து நகர்ந்து சுவரோரம் வந்திருக்கிறது. மருந்து மட்டும் சுவரைத் தாண்டி மறுபக்கம் தெரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்த பிறகுதான் அளக்க வேண்டும். முதல் வாரப் பாடம்!

"சேத்து வைக்கிற வரி எங்கடா?"

"சும்மா தொங்கிட்டு இருந்துச்சேன்னு... நேத்து அழிச்சுட்டேன்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. வரியைத் திரும்பப் போட்டு ஓட்டினான். வரைபடம் சாதுவாகப் படுத்துக்கொண்டது. மருந்து எங்கேயும் போகவில்லை! நாற்காலி மேல் ஏறி ஒரு ஆட்டம் போட்டான். பிறகு, யாரும் பிடிக்காமலே, தானாக வெளியே நடந்துபோய் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து கையை விரித்தான். "கொட்டுங்கடா!"

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தோம்.

மதியம் கண் மட்டும் தெரியும் பழுப்புப் பொம்மையாக மெரெட்டேயின் அறைக்குள் போனான். அவள் வரைபடத்தைப் பார்த்தாள், "அட, ஒட்டிக்கிட்டுதான் இருக்கு" என்றாள். அவன் மடிக்கணினி முழுக்க லவங்கப்பட்டைத் தூள். துடைக்க ஒரு துணியை எடுத்தாள்.

"வேணாம் மெரெட்டே!" என்று அலறினான் ட்ரோல்ஸ். "இனிமே எதையும் துடைக்கவே கூடாது!"