கதவுக்குப் பின்னால் நாலு நிமிஷம்

லாவண்யா அண்ணி குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூர் நீலசந்திராவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் பகல் வேளையில் அவர் தனியாக இருந்த நேரத்தைக் கூட்டச் சொன்னால், கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலாகி பள்ளிக்கூடத்தை விட்டுவந்த நானே கூட்டிவிடுவேன். அவ்வளவு கம்மி.

எங்கள் வீட்டில் ஹாலின் ஒரு ஓரம்தான் சமையலறை. நடுவில் சுவர் கிடையாது. டிவிக்கு எதிரே அம்மாவின் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் டிவியும் தெரியும், அடுப்படியும் தெரியும். சீரியலில் விளம்பரம் வந்தால் அம்மா அண்ணியைப் பார்ப்பாள்.

அம்மா கெட்டவள் இல்லை. திட்டமாட்டாள். கேட்பாள், அவ்வளவுதான். அண்ணி கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பினால், "இன்னாம்மா யோசன?" என்பாள். பேசாமல் வெங்காயம் நறுக்கினால், "மூஞ்சி ஏன் ஒரு மாதிரியா கீது, ஊரு ஞாபகமா?" என்பாள். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் தலைவலித் தைலத்தோடு உள்ளே வருவாள். குளியலறையில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் தண்ணீர் டேங்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். துணி துவைக்கிற பின்பக்க யுட்டிலிட்டியில் போய் நின்றாலோ, எதிர்வீட்டு ஜன்னல் கை நீட்டினால் எட்டும் தூரம். அவர்கள் என்ன குழம்பு என்று விசாரிப்பார்கள். அதனால் அண்ணி காலையில் முகத்தைக் கழுவியதும் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வார். ராத்திரி வரை அது அங்கேயே இருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு ரப்பர் பல்லியால். அதை ரவை டப்பாவில் போட்டுவிட்டு, அண்ணி அலறுவதைப் பார்க்க யுட்டிலிட்டியில் ஒளிந்திருந்தேன். மத்தியானம் இரண்டரை மணி. பாத்திரம் கழுவி முடித்த அண்ணி, மளிகை அலமாரியின் உயரமான கதவைத் திறந்தார். அந்தக் கதவு முழுசாகத் திறந்தால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே குறுக்காக நிற்கும். அம்மாவின் நாற்காலியிலிருந்து பார்த்தால் மரப்பலகை மட்டும்தான் தெரியும்.

அண்ணி டப்பா எதையும் எடுக்கவில்லை. அழவுமில்லை, போனும் பார்க்கவில்லை. சும்மா நின்றார். அந்தச் சிரிப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அதற்கு முன்னால் அவருடைய நிஜ முகத்தை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு நிமிஷம். பிறகு பருப்பு டப்பாவை ஒரு தடவை டொக்கென்று வைத்துச் சத்தம் காட்டிவிட்டு, கதவை மூடி, சிரிப்போடு வெளியே வந்தார். அப்புறம் கவனித்தேன், தினமும் அப்படித்தான். பல்லியை நானே ரகசியமாக எடுத்துவிட்டேன்.

கெடுத்தது என் அண்ணன் பரத். அதுவும் பாசத்தில். கல்யாண நாளுக்கு முந்தைய வாரம் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். "லாவண்யா, பாரேன். கதவு நடுவுல பலகைய எடுத்துட்டு டிசைன் கண்ணாடி வெச்சிருக்கான். நம்ம அலமாரிக்குப் போட்டா கிச்சனே மாறிடும்."

அண்ணி அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "இப்ப இருக்கறதே நல்லாதாங்க இருக்கு."

"உனக்காகத்தான் போடறேன்."

அதற்கு மேல் என்ன பேசுவது. நான் குறுக்கே விழுந்தேன். "கண்ணாடி போட்டா உள்ள இருக்கற கரப்பான்பூச்சி எல்லாம் தெரியும்டா."

"நீ இருக்கறதே வெளிய தெரியுது, அத இன்னா பண்றது?" என்றான் அண்ணன்.

அடுகோடியில் ஒரு கண்ணாடிக் கடைக்கு எல்லோரும் போனோம். "உனக்குப் புடிச்சத எடு" என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொன்னான். அண்ணி ஒவ்வொரு கண்ணாடிக்கும் பின்னால் தன் கையை வைத்துப் பார்த்தார். கை தெரிந்தால் அடுத்தது. கடைசியில், பால் பூசினது போல வெள்ளையாக, மேலே சொரசொரப்பாகப் பூ வேலை செய்த ஒன்றுக்குப் பின்னால் கை காணாமல் போனது. "இது" என்றார். கடைக்காரர், "நல்ல டேஸ்ட் மேடம்" என்றார்.

கோவிந்தப்பா என்ற கன்னடக்காரத் தச்சர் வந்தார். கதவில் சுற்றிலும் மூன்று அங்குலம் விட்டு, நடுப்பலகையை அறுத்து எடுத்தார். வெறும் சட்டத்தை அவர் நிமிர்த்திப் பிடித்தபோது, அந்த ஓட்டைக்குள் அம்மாவின் நாற்காலி படம் மாட்டினது போலத் தெரிந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை வைக்கும்போது கோவிந்தப்பா, "சொரசொரப்பு உள்பக்கம் வந்தா ஒள்ளேதும்மா, அதான் நல்லது" என்றார்.

"பூ ஹால் பக்கம் வரட்டும்ப்பா. நாலு பேரு தொட்டுப் பாக்க வேணாவா? பருப்பு பாக்கறதுக்கா இவ்ளோ செலவு?" என்றாள் அம்மா.

"ஆய்த்து பிடி, சரி விடுங்க" என்று அவர் பூவை வெளிப்பக்கம் வைத்து, உள்ளே நாலு பக்கமும் மெல்லிய மரச்சட்டம் கொடுத்து ஆணி அடித்துவிட்டார்.

மறுநாள் இரண்டரைக்கு அண்ணி கதவைத் திறந்து நின்றார். ஹாலிலிருந்து பார்த்தால் ஒரு வெளிர் நிழல்தான். முகம் இல்லை. பரவாயில்லை, நாலு நிமிஷம் பிழைத்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடியில் தூசி தெரிந்தது. விளம்பர இடைவேளையில் ஈரத்துணியோடு எழுந்து போய், திறந்திருந்த கதவை ஹால் பக்கமாக நின்று துடைத்தாள். துடைக்கத் துடைக்க அந்தப் பால் நிறம் போனது. தண்ணீர் பட்ட சொரசொரப்பு சாதாரணக் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. துணி போன வழியில் முதலில் அண்ணியின் நெற்றி வந்தது. பிறகு கண். பிறகு அந்த முகம், சிரிப்பு மாட்டாதது, அம்மாவுக்கு ஒரு சாண் தூரத்தில்.

அண்ணி அசையவில்லை. சிரிப்பை மாட்டிக்கொள்ள நேரமில்லை.

"இன்னாம்மா பண்ற இங்க?"

"நிக்கறேன் அத்த."

"நின்னு?"

அண்ணி பருப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணாடி காய்ந்து மெதுவாக வெளுத்தது. அம்மா மறுபடி துடைத்தாள்.

அன்றிலிருந்து இரண்டரை மணி, துடைக்கும் மணியாகிவிட்டது. அண்ணி அலமாரியைத் திறந்தால் டப்பாவை எடுத்து உடனே மூடிவிடுவார். நாலு நிமிஷம் நாலு விநாடியானது. ராத்திரி அண்ணனிடம், "கிஃப்ட் சூப்பருங்க" என்றார். அவன் நம்பினான்.

நான் கோவிந்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கே சொன்னேனல்லா" என்றார். "திருப்பிப் போட்டா சரி. மரச்சட்டத்த மட்டும் மெல்ல நெம்பு. கண்ணாடிய நெம்பாத."

வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போனாள். அண்ணியையும் கூட்டிக்கொண்டுதான். ஒரு மணி நேரத்தில் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியைத் திருப்பி, சொரசொரப்பு அலமாரியின் உள்பக்கம் வரும்படி வைத்து மறுபடி அடித்தேன். இரண்டு விரலில் அடித்துக்கொண்டு கட்டுப் போட்டேன். என் கைக்கு அது கம்மி.

மறுநாள் அண்ணி டப்பா எடுக்கக் கதவைத் திறந்ததும், அம்மா ஈரத்துணியோடு வந்தாள். துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். பால் நிறம் பாலாகவே இருந்தது.

"இன்னாடா இது, பூவு வழவழன்னு ஆயிட்ச்சு?"

"வெல ஜாஸ்தி கண்ணாடிம்மா. தொடைக்கத் தொடைக்க அப்டித்தான் ஆவும்."

அம்மா பெருமையாகத் தலையாட்டிவிட்டு சீரியலுக்குத் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் நிழல் மட்டும் அப்படியே நின்றது. நாலு நிமிஷம் ஆனது, ஐந்தும் ஆனது.

நான் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து, பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவிய ஈரம் அண்ணியின் கையில் இருந்திருக்க வேண்டும். கண்ணாடியின் நடுவில், உள்பக்கத்திலிருந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம் தெளிந்தது. அதில் ஒரு கண் வந்தது. அது டிவியைப் பார்த்தது, அம்மாவின் தலையைப் பார்த்தது, கடைசியாக என்னிடம் வந்து, கட்டுப் போட்ட என் விரல்களில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வட்டம் காய்ந்து மூடிக்கொண்டது.