மலிவான ஆறு அம்புகள்

நாற்பத்துமூன்று வயதில் நான் வில்லெடுத்ததற்கு வீரம் காரணமில்லை. எங்கள் பஞ்சாயத்து ஆபீஸில் ஊழியர் காயிகமேளாவுக்கு, அதாவது விளையாட்டுப் போட்டிக்கு, பெயர் கேட்டு ஒரு தாள் மேசை மேசையாக வந்தது. ஓட்டத்துக்கு முட்டி ஒத்துழைக்காது. அம்பெய்தல் நின்ற இடத்திலேயே செய்வதுதானே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாலக்காட்டில் வாரம் ஒருநாள் பயிற்சி. அங்கேயே ஒரு வில்லை இரவல் தந்தார்கள். அம்பு மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வந்தார். தென்னந்தோப்பும் மாடுமாக இருக்கிற மனுசர். வில், அம்பு விற்கிற கடைக்குள்ளும் எனக்குப் பின்னாலேயே நின்றார்.

நான் கறுப்பாக மினுங்கிய கார்பன் அம்பில் கை வைத்தேன். கடைக்காரர் கேட்டார்.

"எத்தனை நாளா எய்யறீங்க?"

"மூணு வாரமாச்சுங்க."

"அப்ப இது வேண்டாங்க. முதல் வருசம் பலகையில படறதவிட மண்ணுலயும் கல்லுலயும் படறதுதான் ஜாஸ்தி. ஃபைபர் அம்பு எடுத்துக்குங்க. தொலைஞ்சாலும் மனசு வலிக்காது."

விலை கூடியதை விற்க வந்த வாய்ப்பைத் தானே தள்ளிவிட்ட அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவர் என்னை வில்லை இழுக்கச் சொல்லி அளவெடுத்தார். அதைவிட இரண்டு விரல் நீளமான அம்புகளை எடுத்தார். "கட்டையா இருந்தா இழுக்கறப்ப உள்ள வந்து கையக் குத்திரும்" என்றார். ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்து, தள்ளாடியதை ஒதுக்கி, பன்னிரண்டில் ஆறு பொறுக்கித் தந்தார். விரிசல் பார்ப்பது எப்படி என்றும் வளைத்துக் காட்டினார். நான் அப்போது இறகு மஞ்சளா பச்சையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், கிணறு வெட்டிய மண் மேடாகக் கிடந்த இடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் இலக்கு கட்டினார். மாட்டுக்கொட்டகையின் பழைய ரப்பர் பாயைத் துண்டு போட்டு அடுக்கி இறுக்கினார். பின்னால் முதலில் ஒரு பலகை வைத்தார். தவறிப்போன அம்பு அதில் மோதி முனை கழன்று விழுந்தது; பசை போட்டு ஒட்டினார். மறுநாள் பலகையை எடுத்துவிட்டு ஒரு கனத்த ஜமக்காளத்தைத் தளர்வாகத் தொங்கவிட்டார். அம்பு அதில் பட்டால் துணி பின்னால் போய் அதை வாங்கிக்கொண்டது. ரப்பரில் சிக்கிய அம்பைப் பிடுங்கக் கஷ்டப்பட்டேன். துணி துவைக்கும் சோப்புக்கட்டியை அம்பின் முன்பக்கம் தேய்த்துக் கொடுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணிக்குழாய்த் துண்டு ஒன்றுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து, அம்புகளுக்கு ஒரு கூடும் செய்துவிட்டார்.

இவ்வளவும் செய்தவர் நான் எய்வதை மட்டும் நின்று பார்க்க மாட்டார். நடுவட்டத்தில் பட்டால் ஓடிப்போய்ச் சொல்வேன். "அம்பு எப்படி இருக்குது?" என்பார். எனக்கு அது குறையாகவே இருந்தது. ஒருநாள் சொல்லியும் விட்டேன். "நான் என்ன பண்றன்னு ஒங்களுக்கு அக்கறையே இல்லீங்க." அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் மூன்றாவது அம்பு, ஏற்கெனவே குத்தி நின்ற அம்பை உரசிக்கொண்டு அதன் பக்கத்திலேயே இறங்கியது. 'டக்' என்று சத்தம். இரண்டும் நடுவட்டத்தில்! பிடுங்கிக்கொண்டு வந்து உடனே அடுத்த சுற்றுக்கு அந்த இரண்டில் ஒன்றை நாணில் மாட்டினேன்.

"ஏம்புள்ள, நில்லு." தென்னைக்குத் தண்ணி திருப்பிக்கொண்டிருந்தவர் மம்பட்டியைப் போட்டுவிட்டு வந்தார். "சத்தம் கேட்டுச்சு. வளச்சுப் பாக்காம உடாத."

"நல்லாத்தானுங்க இருக்குது."

"குடு."

எரிச்சலோடு கொடுத்தேன். கடைக்காரர் செய்த மாதிரியே அம்பைக் காதோரம் வைத்து லேசாக வளைத்தார். கொஞ்சம் சுழற்றி மறுபடி வளைத்தார். மூன்றாம் முறை 'கிருக்' என்றது. எனக்கே கேட்டது. உள்ளே போய்ப் பஞ்சு எடுத்து வந்து தண்டு நெடுக இழுத்தார். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் பஞ்சு சிக்கி, இழை இழையாக நின்றது. அங்கே முடியளவு ஒரு கீறல். சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதது.

"இத உட்டிருந்தா நாண் அடிக்கற வேகத்துல ஒடஞ்சு, சிலும்பு பூரா ஒன்ற இடது கைல ஏறியிருக்கும். கடைக்காரரு சொன்னாரே."

வில் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். கடையில் நான் காதில் வாங்காத பேச்சு முழுவதையும் இவர் வாங்கி வைத்திருக்கிறார். வளைத்துப் பார்ப்பதில் அவர் காட்டிய லாவகம் ஒருநாள் பழக்கமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"தெனமும் பாக்கறீங்களா?"

"காலைல பால் கறந்துட்டு வந்து ஆறையும் பாத்து வெச்சிருவேன். நீ எய்யறதப் பாக்கத்தான் பயமா இருக்குது புள்ள. அதான் நிக்கறதில்ல."

கல்யாணமாகி இருபது வருசத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் பழக்கமே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கீறல் விழுந்த அம்பை இரண்டாக முறித்து, சிலும்பு யார் காலிலும் ஏறாதபடி சாக்கில் சுற்றி அப்புறப்படுத்தினார். பிறகு ரப்பர் பாயில் சுண்ணாம்பால் ஐந்து சின்ன வட்டம் போட்டார். வட்டத்துக்கு ஓர் அம்பு. இனி ஒன்றோடொன்று மோதாது.

ஒரே வட்டத்தைப் பார்த்து எய்ததைவிட இப்படி எய்ததில்தான் என் கை நிதானப்பட்டது. காயிகமேளாவில் ஒன்பது பெண்களில் ஐந்தாவதாக வந்தேன். ஆனைகட்டிப் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி முதலாவதாக வந்தாள். கண் எடுக்காமல் பார்க்க வைத்த கை அவளுக்கு.

இப்போது காலையில் அம்புகளை நானே வளைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பயந்துகொண்டேதான், கடைசி அம்புவரை பார்க்கிறார்.