அத்தானுக்குப் படைத்த ஆட்டுக்கறி

கப்பலில் உயிரோடு ஆடு ஏற்றுமதி செய்வதை அவுஸ்திரேலியா நிறுத்தப்போகிறது என்ற செய்தி வந்த வாரம், எங்கள் அத்தான் கனடாவில் டோர்செட் பார்க் வீட்டிலிருந்தபடியே தமிழ் வானொலிக்குப் போன் எடுத்துப் பேசினார். அக்காவின் கணவர் அவர். கனடாவுக்கு வருமுன் அப்படியொரு கப்பலில் வேலை செய்தவர். "ஆடுகள் வெக்கைக்கு வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். செத்ததுகளைத் தூக்கிக் கடலிலை எறியிறது என்ரை வேலை. இண்டைக்குத்தான் எனக்கு நிம்மதி" என்றார். அந்தக் கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவர் ஆட்டிறைச்சியைத் தொட்டதில்லை. கலியாணவீடுகளில் 'சாமியார்' என்று கேலி செய்வோம். பேசாமல் கத்தரிக்காயைப் போட்டுக்கொள்வார்.

அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றி அவுஸ்திரேலியாவில் இருக்கும் அவர் தம்பிக்கும் போய்ச் சேர்ந்தது. தம்பி, ஆடுகளைக் கப்பலில் ஏற்றுமுன் அடைத்துத் தீனி போடும் பட்டியில் வேலை செய்தவர். தடைக்கு இன்னும் காலம் இருந்தது. ஆனாலும் வாங்க ஆளிருக்காது என்று பயந்த பண்ணைக்காரர்கள் மந்தையைக் குறைத்துக் கோதுமைக்கு மாற, பட்டியில் தம்பியின் வேலை போய்விட்டது. "ஆட்டுக்கு அழுதனீங்கள் அண்ணை. என்ரை பிள்ளையளுக்கு ஆர் அழுறது?" என்று கேட்டுப் போனை வைத்தவர், பிறகு எடுக்கவேயில்லை. அத்தான் ஞாயிறுதோறும் அழைத்துப் பார்ப்பார். "நான் பொய் சொல்லேல்லையே" என்பார் எங்களிடம். இருவர் சொன்னதும் உண்மைதான். அதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். சட்டம் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்க, கூடப்பிறந்தவர்கள் இருவர் பகையானார்கள்.

சென்ற பனிக்காலத்தில் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்குத் தம்பி வரவுமில்லை, பேசவுமில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அக்கா அறைக்குள் அழுதபடி கிடந்தாள். சமையல்காரர் வந்து கேட்டபோது, எட்டுச்செலவென்றால் ஆடில்லாமலா என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டோம். கடையில் கிடைத்தது, அவுஸ்திரேலியாவிலேயே வெட்டிப் பெட்டியில் வந்த இறைச்சி. அதைத்தான் கறியாக்கி அத்தானின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்தோம்.

வெளிநாட்டு உறவுகளுக்காக அக்காவின் மகள் வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அதில் தம்பியின் முகம். மெலிந்துபோயிருந்தார்.

"பிள்ளை, அந்த ஆட்டுக்கறியை எடு. அண்ணை தின்னமாட்டார் எண்டு உங்களிலை ஒருத்தருக்கும் தெரியாதோ?"

அங்கே நின்றவர்கள் எல்லோரும் அத்தானோடு பக்கத்துப் பக்கத்துக் கட்டிடங்களில் குடியிருந்து, அவரைக் கேலி செய்தவர்கள். அக்காவின் மகள் குனிந்து கறியை எடுத்தாள்.

"எடுத்திட்டன், சித்தப்பா."

அவர் அண்ணனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விம்மி அழுதார்.

"இனி நான் ஆரோடை கோவிக்கிறது, பிள்ளை?"