சுகந்தி அக்காவும் ஒன்பது பாஸ்வேர்டும்

சுகந்தி அக்கா இல்லையாம்... நேற்றுக் காலை அவருடைய ஆபீஸ் வரவேற்பில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார்கள். மாரடைப்பு. புதன்கிழமை பின்னேரம் வரை வேலை செய்திருக்கிறார்.

கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ் ஆட்கள் பலருக்கு அவரைத் தெரியும். லண்டனின் வங்கி வட்டாரமான சிட்டியில் ஒரு சின்ன ஸ்டாக் புரோக்கர் கம்பனியில் கொம்பிளையன்ஸ் மேலாளர், அதாவது யாரும் விதியை மீறாமல் பார்த்துக்கொள்கிற ஆள். எனக்கு அவர் அதைவிடக் கொஞ்சம் கூட.

ஆறு வருடமாக ஐடி வேலையை விட்டுவிட்டு என் சொந்தப் பணத்தில் ஷேர் ட்ரேடிங் செய்கிறேன். அதற்கு லைசன்ஸ் தேவையில்லை. அடுத்தவருக்காகச் செய்வதென்றால்தான் தேவை. அதைத்தான் நான் செய்ய ஆசைப்பட்டேன்.

லைசன்ஸ் பரீட்சையை நாமே காசு கட்டி எழுதலாம், எழுதிப் பாஸும் பண்ணிவிட்டேன். ஆனால் ஒரு கம்பனி நம்மை எடுத்து, "இவர் எங்கள் ஆள், நம்பலாம்" என்று ஸ்பொன்சர் செய்து கையெழுத்து வைக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தாச்சு, பிறகென்னடா ஸ்பொன்சர்?" என்றார், விசா விஷயம் என்று நினைத்து.

ஏழு கம்பனிகள் கைவிரித்தன. எல்லோரும் கேட்டது கடைசிச் சில வருட முதலாளியின் சான்று. ஆறு வருடமாக என் முதலாளி நான்தானே... எனக்கு நானே நற்சான்றிதழ் எழுத முடியுமா?

எட்டாவது கம்பனியில்தான் சுகந்தி அக்கா. என் விண்ணப்பத்தை மேசையில் வைத்து, ஆங்கிலத்தில் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, உங்கட மச்சான்ர எக்கவுண்டில ஆர் ட்ரேட் பண்ணுறது?"

மச்சான் கதையை நான் எங்கேயும் எழுதவேயில்லை; நம் ஆள், ஊகித்துவிட்டார். "நான்தான் அக்கா... அவருக்கு உதுகள் விளங்காது."

"பாஸ்வேர்ட்?"

"என்னட்டத்தான் இருக்கு."

"வேற ஆற்றை பாஸ்வேர்ட் இருக்கு?"

மச்சான், பெரியம்மா, கிங்ஸ்பரிச் சித்தப்பா... விரல் விட்டு எண்ணினோம். ஒன்பது பேர். நம் ஆட்களில் ஒருத்தனுக்கு ஷேர் தெரியும் என்றால் சொந்தக்காரர் எல்லோரும் லொகினைத் தூக்கிக் கையில் தந்துவிடுவார்கள். வெள்ளைக்காரர் யாரும் இதைக் கேட்டதில்லை, அவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாது.

"அடுத்தவரின்ர எக்கவுண்டைக் கையாண்டிருக்கிறீங்களோ எண்ட கேள்விக்கு 'இல்லை' எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"அது குடும்பம்தானே அக்கா."

"குடும்பம் எண்டு இந்த ஃபோர்ம்ல ஒரு பெட்டி இருக்கோ? கூலி ஏதும் வாங்கினனீங்களோ?"

"இல்லை. பெரியம்மா மட்டும் மீன் ரோல்ஸ் தருவா."

அக்கா சிரிக்கவில்லை. "ரோல்ஸையும் எழுதுங்கோ" என்றார்.

விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஒன்பதையும் திருப்பிக் கொடு, ஒரு வருடம் சுத்தமாக இரு, பிறகு உண்மையை எழுதிக்கொண்டு வா. அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம்ம ஆள் ஒருத்தி உள்ளே இருந்தும் நமக்கே கதவைச் சாத்துகிறாளே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் திட்டினேன்.

ஆனாலும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், பக்கத்தில் இருந்து பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். சித்தப்பா, "அப்ப இனி நாங்கள் உனக்கு ஆக்கள் இல்லையோ?" என்று எழும்பி உள்ளே போய்விட்டார். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

அக்காவுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "உங்களாலதான் அக்கா, நாலு பேர் கோவிச்சுக்கொண்டு நிக்கினம்."

"நாலு பேரோ? அப்ப நீங்கள் உண்மையாத்தான் திருப்பிக் குடுத்திருக்கிறீங்கள்."

பிறகு ஒருநாள் எலிசபெத் லைன் ரயிலில் அக்காவைக் கண்டேன். நான் போனைப் பார்ப்பதுபோல நடித்தேன். அவர் ஓடப் போடுகிற சப்பாத்தோடு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"கோவம் இன்னும் போகேல்லையோ?"

"இல்லை."

"பரவாயில்லை. கோவத்தோடயே படியுங்கோ. அடுத்த லெவல் பரீட்சையையும் எழுதி முடியுங்கோ."

எழுதினேன். பாஸ்.

திங்கட்கிழமை ஒரு வருடம் முடிந்தது. ஈமெயில் போட்டேன். பத்து நிமிடத்தில் பதில்... "வாங்கோ. வியாழன், காலை பத்து மணி."

நேற்றுத்தான் அந்த வியாழன்.

வரவேற்பில் இருந்த பெண் அழுதுகொண்டே சொன்னாள். டைரக்டர் இறங்கி வந்தார், அவருக்கும் கண் சிவந்திருந்தது. இன்னொரு நாள் வைத்துக்கொள்வோமா என்று கேட்டார்.

இல்லை, முடியுமென்றால் இன்றைக்கே, என்றேன். இதை வாசிக்கிற சிலர் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கலாம். நினைக்கட்டும். அது அக்கா தந்த நேரம்.

 டைரக்டர் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார்.

ஏன் ஒரு வருடம் காத்திருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒன்பதையும் சொன்னேன். சித்தப்பாவைச் சொன்னேன். ரோல்ஸையும் சொன்னேன். 

முடிவு அடுத்த கிழமை சொல்வார்களாம். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் ஒன்பதாவது கம்பனி, அங்கேயும் முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதுவேன்.

அக்கா... சரியாகப் பத்து மணிக்கு வந்திட்டன். நீங்கள்தான் இல்லை.

போயிட்டு வாங்கோ.