சாயம் ஏறாத துணி

என் மகன் பிறந்தபோது எனக்கு ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் பிளாஸ்டிக் வரக்கூடாது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் எதுவும் பிள்ளைகள் வாயில் போகக்கூடாது. ஒரு தடவை உபயோகித்துவிட்டுக் குப்பையில் போடும் எதையும் நான் வாங்கக்கூடாது. நாலு வயது மகளுக்கு பிஸ்கட்டை நிறுத்திவிட்டு ராகிப் புட்டும் எள்ளுருண்டையும் செய்து கொடுத்தேன். அவள் முதல் வாரம் அழுதாள், இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டில் போய் பிஸ்கட் சாப்பிட ஆரம்பித்தாள். காய்கறித் தோலையெல்லாம் தொட்டியில் போட்டு உரமாக்கினேன். துணி துவைக்கப் பூந்திக்கொட்டை, பாத்திரம் விளக்கச் சாம்பல்.

“நம்மூட்டுல மூச்சு உடறதுக்கு மட்டும் இன்னும் ரூல் போடல” என்பார் என் கணவர். அவர் நிட்டிங் கம்பெனியில் பிட்டர். நூலைத் துணியாகப் பின்னும் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிற வேலை. அதிகம் பேசாதவர். நான் அவருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எட்டு வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தவள் நான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதி எழுதி ‘ஆர்கானிக்’ என்ற வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட பிறகு அதை வீட்டில் செலவழித்தேன். பசுமையாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் என் பேச்சுக்கு மரியாதை இருந்தது. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மகனுக்கு டயபர் கட்டமாட்டேன் என்று முடிவு செய்ததும் துணி தேடினேன். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு விஷம் என்றால் சாயம்தான். வயிற்றுவலி வந்தால் சாயத் தண்ணீர் என்போம், தென்னை பட்டுப்போனால் சாயத் தண்ணீர் என்போம். அப்படியானால் சாயப்பட்டறைக்கே போகாத துணிதானே சுத்தம்? என் கணவரின் கம்பெனியில், மெஷினிலிருந்து இறங்கும் துணி உருளைகளில் ஓட்டை விழுந்த பகுதியை வெட்டி மூலையில் போட்டிருப்பார்கள். சாயமும் ஏறாத, வெளுக்கவும் செய்யாத, பாலாடை நிறத்துத் துணி. ஒரு மூட்டை கொண்டுவரச் சொன்னேன். லேசாக மெஷின் வாடை அடித்தது. புதுத் துணி அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று மடிப்பு வைத்து, ஓரம் அடித்து, நாப்பிகளாகத் தைத்தேன். அழகாகத்தான் இருந்தன.

முதல் இரண்டு நாள் அவை தண்ணீரைக் குடிக்கவே இல்லை. ஊற்றினால் மேலேயே உருண்டு ஓடியது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டுக்கொண்டே இருந்தேன். வெந்நீரும் சோப்புத் தூளும் என் சட்டப்படி கூடாது. ஒரு வாரத்தில் துணி பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மகன் தொடையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து வரும் கணவர், மொட்டை மாடியில் விறகடுப்பு மூட்டிக் குளிக்க வெந்நீர் போடுவார். அப்போது நான் ஊறப்போட்டிருக்கும் நாப்பிகளையும் அவரே அலசிக் கொடியில் போட்டுவிடுவார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று கொடியைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். நாற்பது பேர் கைதட்டினார்கள்.

எங்கள் வீடு மண்ணரை என்ற பகுதியில், லைன் வீடுகளை ஒட்டி இருக்கிறது. வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அதில் மூன்றாவது அறைக்கு ஒரு ஜோடி வந்திருந்தது. தென்காசிப் பக்கம். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு பக்கத்து வீடும் கதவைச் சாத்திவிட்டது. அவள் ஓவர்லாக் டெய்லர், அவன் அயர்னிங். எட்டாம் மாதம்வரை மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். பெண் குழந்தை பிறந்தபோது அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் இல்லை.

அதனால் நான் போனேன். நல்ல மனதோடுதான் போனேன், அதில் பொய் இல்லை. பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். அரிசியும் பருப்பும் போட்டு, நெய் விட்டுப் பிசைந்து கொண்டுபோவேன். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “யக்கா, பசிக்குதுன்னு சொல்ல ஒரு ஆளு இருக்குறதே பெருசுக்கா” என்றாள். குழந்தைக்குப் பதினைந்தாம் நாள், அதே மூட்டையிலிருந்து இரண்டு டஜன் நாப்பிகள் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினால்தான் மறக்காது என்று, அதையும் எழுதிக் கொடுத்தேன். பூந்திக்கொட்டை மட்டும். சோப்பு வேண்டாம். வெந்நீர் வேண்டாம். அவள் அந்தத் தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள்.

பத்து நாளில் குழந்தையின் இடுப்புக்குக் கீழே சிவந்தது. அப்புறம் தோல் உரிந்தது.

“எத்தன தடவ அலசற?” என்று கேட்டேன்.

“மூணு தடவக்கா. நீங்க எழுதுனாப்லதான்.”

எனக்கு நம்பிக்கை இல்லை. என் மகனுக்கு வராதது இந்தக் குழந்தைக்கு ஏன் வருகிறது? துணி ஒன்று, பூந்திக்கொட்டை ஒன்று. மிச்சம் இருப்பது அவள் கைதான். பொதுக் குழாயடியில் நாலு பெண்கள் பார்க்க, அவள் வாளியை வாங்கி, எப்படிக் கசக்க வேண்டும் என்று நானே கசக்கிக் காட்டினேன். “பச்சக் கொழந்தக்கித் தொவைக்கறது கண்ணு, கை வலிக்குதுன்னு பாக்கக் கூடாது” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அன்று முதல் அவள் ஆறு தடவை அலசியதாகப் பிறகு தெரிந்தது. பிரசவமாகி ஒரு மாதம் ஆகாத உடம்பு. நான் குழாயடியில் சொன்னதை அங்கே நின்றிருந்தவர்கள் லைன் முழுக்கக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண்ணுக்குச் சுத்தம் போதாது என்ற பேச்சு என் வாயிலிருந்துதான் கிளம்பியது.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணில் சீழ் வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸ் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “துணியத் தொவைக்கிறியா, இல்ல காயவெச்சுக் காயவெச்சுக் கட்டுறியா?” என்று வார்டே கேட்கும்படி சத்தம் போட்டாள். குழந்தையின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று சாயந்திரம் அவன் தன் அம்மாவுக்கு போன் செய்துவிட்டான். கதவைச் சாத்தியிருந்த அம்மா, பேத்திக்கு ஆபத்து என்றதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்தவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள். டிஸ்சார்ஜ் ஆனதும் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோய்விடுவாள். புட்டிப்பால் கொடுத்து வளர்த்துக்கொள்வாள். இவள் தாராளமாக வேலைக்குப் போகலாம்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் மத்தியானம் என் வீட்டுச் சமையலறையில், ராகி மாவு பிசைந்துகொண்டே இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். “பாவந்தானுங்க, ஆனா அந்தப் புள்ளைக்குங் கொஞ்சம் சுத்தம் பத்தாது” என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “எந்தத் துணி குடுத்த?”

“நம்ம மூட்டைல இருந்ததுதான்.”

“அவங்க அதக் கொதிக்க வெச்சாங்களா?”

எதற்குக் கொதிக்க வைக்க வேண்டும் என்றேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். பின்னுகிற மெஷினில் ஆயிரக்கணக்கில் ஊசிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது துணியில் ஊறித்தான் வரும். சாயப்பட்டறையில் வேகவைக்கும்போதுதான் அந்த எண்ணெயும் பருத்தியின் பிசுக்கும் போகும். அதற்கு முந்தைய துணி, துணியே இல்லை.

“பூந்திக்கொட்டைக்கெல்லாம் அது போகாது கண்ணு. நாந்தான் தெனமும் காலைல நம்ம பையனோடத வெந்நீர்ல சோடா போட்டுக் கொதிக்க வெச்சு அலசிப் போட்டுட்டு இருந்தேன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ கேப்பியா? அன்னைக்குப் பூராவும் சண்ட போடுவ. அதுக்கு நானே தொவச்சுப் போட்டா முடிஞ்சுதுன்னு உட்டுட்டேன்.” பிறகு மெதுவாக, “கொழந்தத் துணிய யாராச்சும் வெந்நீர்ல போடாம இருப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல” என்றார்.

மாவு கையிலேயே காய்ந்துவிட்டது. என் பிள்ளையைக் காப்பாற்றியது என் சட்டத்தை மீறிய ஒருவர். அந்தப் பிள்ளையைப் புண்ணாக்கியது என் சட்டத்தை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்த ஒருத்தி. அவள் கை சுத்தமாகத்தான் இருந்தது.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரம். குழந்தை டிஸ்சார்ஜ் ஆக இன்னும் நாலு நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் மாமியாரிடம், புருஷனிடம், அந்த நர்ஸிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் என்ன செய்தேன்? சமைத்தேன். மிளகு ரசம் வைத்து, பருப்புத் துவையல் அரைத்து, டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு போனேன்.

மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்கதானாம்மா அது? துணியெல்லாம் தச்சுக் குடுத்து, சோறு கொண்டாந்து குடுத்து… நீங்க சொல்லிக் குடுத்தும் இவளுக்குத் தொவைக்க வரலியே. ஒங்க புண்ணியத்துலதான் எம் பேத்தி பொழச்சுக் கெடக்கு.”

அந்தப் பெண் குனிந்து தன் குழந்தையின் கால் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தையின் இடுப்பில் மருந்து பூசி, வெறுமனே விட்டிருந்தார்கள். நான் அந்தப் புண்ணைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, “இருக்கட்டுங்க, அதனால என்னங்க” என்றேன். அந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மறுநாளும் போனேன். அன்று கஞ்சி. அதற்கு மறுநாள் மகளுக்குச் சளி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு போகவில்லை. சொன்னால் லைன் முழுக்கத் தெரியும், குரூப்புக்குத் தெரியும், அதில் நான் சொன்னதைக் கேட்டுத் தைத்தவர்களுக்கும் தெரியும். எல்லாம் தெரிந்த பெண் என்று எனக்கிருந்த பெயருக்கு நான் பயந்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

நாலாம் நாள் விடிந்ததும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தின நாள் சாயந்திரமே அனுப்பிவிட்டார்களாம். அங்கிருந்து நேராக லைன் வீட்டுக்கு ஓடினேன்.

அவள் மட்டும் இருந்தாள். மாமியாரும் குழந்தையும் காலை முதல் பஸ்ஸுக்குப் போயாகிவிட்டது. புருஷன் ஏற்றிவிடப் போயிருந்தான். அவள் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பால் கட்டி வலிக்கிறது என்று குழாயடியில் பீய்ச்சிவிட்டு வந்திருந்தாள். ஜாக்கெட்டுக்குள் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டே, “வாங்கக்கா” என்றாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் எண்ணெய், என் கணவர் வைத்த வெந்நீர், நான் எழுதிக் கொடுத்த தாள், நாலு நாளாக வாயைத் திறக்காமல் இருந்தது. எதையும் மறைக்கவில்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். கண் கலங்கியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

“எனக்காக இப்பிடிப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்குறீங்களேக்கா. எங்கம்மாகூட எனக்காக இப்பிடிப் பேசிருக்காது. அதே துணியத்தான ஒங்க புள்ளையும் கட்டுச்சு? அவன் நல்லா இருக்கானே. எனக்குத்தான் வளக்கத் தெரியல.”

இல்லை என்றேன். சத்தியம் செய்தேன். மாமியார் போன் நம்பரைக் கொடு, நானே பேசுகிறேன் என்றேன்.

“வேணாம்க்கா. ஆள வெச்சுப் பேச வெக்கிறா பாருன்னு இன்னும் கோவப்படுவாக. தீபாவளிக்குப் போயிப் பாத்துக்குறேன்.”

ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

நான் சொன்னதை அவள் வேனில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் குழாயடிப் பெண்களில் ஒருத்தி என்னை நிறுத்தி, “உங்க மனசு யாருக்குங்க வரும்” என்றாள். அந்த லைன் வீடுகளில் எனக்கு நல்லவள் என்ற பெயர் இன்னும் ஒரு படி ஏறிவிட்டது.