மேற்கு மூலைக் கிண்ணம்

எங்கள் அக்காவைக் கோயிலில் எல்லோரும் 'துணி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பீடத்தில் விரிக்கிற துணி, ஃபாதர் போடுகிற அங்கி, பூசையில் திராட்சை இரசக் கிண்ணம் துடைக்கிற சின்னத் துணிகள் எல்லாம் பத்து வருடமாக அவள் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவை. வார நாட்களில் அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. அங்கே நூறு படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டு வருகிறவள், வீட்டில் இந்தச் சின்னத் துணிகளைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசுவாள். ஒரு பைசா சம்பளம் கிடையாது. ஏன் என்று கேட்டால், "அத்தான் போனப்புறம் எனக்குன்னு இருக்கிற ஒரே மரியாதை இதுதான்டி" என்பாள்.

கிண்ணம் துடைத்த துணியை முதலில் அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கோயில் சட்டம் அது. துணியில் ஒட்டியிருக்கும் துளி வெறும் இரசமில்லை, இயேசுவின் இரத்தம் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குத்தான் போக வேண்டும். அக்கா பின்பக்கத்து ரோஜாச் செடிக்கு ஊற்றுவாள். அது பூக்கிற பூப்பைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வரும்.

நான் அவள் தங்கை, அவளோடுதான் இருக்கிறேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை என் வேலை. யார் முதலில் வந்தார், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பதில் நாள் போய்விடும். கல்யாணம், சாவு தவிர வேறு எதற்கும் கோயில் படி ஏறாதவள் நான்.

அத்தான் இறந்து மூன்றாம் வருடம், தெருமுனையில் பார்லர் வைத்திருக்கும் அம்மா அக்காவை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஆறு பெண்கள். விக்கா என்று அதற்குப் பெயர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வட்டமாக நின்று நிலவையும் பருவங்களையும் வணங்குவார்கள். தேவனும் உண்டு, தேவியும் உண்டு. யாருக்கும் கெடுதல் நினைக்கக் கூடாது என்பது முதல் விதி. சூனியக்காரிகள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் செய்த பெரிய சூனியம், இருமலுக்கு ஒரு மூலிகைத் தேநீர். இருமல் போகவில்லை.

"ரெண்டுங்கெட்டான் வேலை பண்ற நீ" என்று ஒருநாள் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பாக்கறேன், பௌர்ணமிக்கு அம்மாவைப் பாக்கறேன். ரெண்டு பேரையும் பாக்கக் கூடாதுன்னு எந்த வீட்டுலயாவது சொல்வாங்களா?" என்றாள். என் வாயை அடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

பௌர்ணமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலை, நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா துணி தேய்க்கிற அறையில் தனியாகத் தன் வட்டத்தைப் போட்டாள். கிழக்கே காற்றுக்கு ஓர் இறகு, தெற்கே நெருப்புக்கு மெழுகுவர்த்தி, வடக்கே மண், மேற்கே ஒரு கிண்ணம் தண்ணீர். நாலு திசையையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி வழியனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்தவரை வாசல்வரை போய் அனுப்புவதுபோல.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியில் இருந்த கடைசித் தண்ணீரில் அவள் அப்போதுதான் கிண்ணத் துணிகளை அலசியிருந்தாள். ரோஜாச் செடிக்குப் போக வேண்டிய அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி மேற்கே வைத்துவிட்டாள். "புனிதமான தண்ணிதானே, இன்னும் நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். இந்த உலகத்தில் இப்படி ஒரு தப்பைச் செய்ய எங்கள் அக்கா ஒருத்தியால்தான் முடியும்.

மூன்று திசைகளை வழியனுப்பிவிட்டாள். மேற்கு மட்டும் பாக்கி. அப்போது பீடத்தைத் தயார் செய்கிற கோயில்பிள்ளை போனில் கூப்பிட்டார். "பூசைக்கு நேரமாச்சு, பீடத் துணி எங்கம்மா?" அக்கா துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்த மர நாற்காலியின் இருக்கை ஈரமாக இருந்தது. யாரோ நனைந்த உடையோடு வந்து உட்கார்ந்து எழுந்த மாதிரி வட்டமான ஈரம். நான் துடைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி ஈரம். கூரையில் ஒழுகல் இல்லை, அதற்கு மேலே மாடியும் இல்லை. மூன்றாம் நாள், கொடியில் நாங்கள் சும்மா போட்டுவிட்டுப் போன துணிகள் மேசைமேல் இருந்தன. மூன்றாக மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, கோயில் துணி மடிக்கிற மடிப்பு. அவற்றில் என் துப்பட்டாவும் ஒன்று.

பயந்துபோனேன். சொல்வதில் என்ன வெட்கம்.

கிண்ணத்தைத் தூக்கிக் கொட்டப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சாக்கடையில ஊத்தக் கூடாது. வழியனுப்பாம எடுக்கவும் கூடாது." இரண்டு மதத்துச் சட்டமும் ஒரே கிண்ணத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

"அப்ப வழியனுப்பு."

"முடியாதுடி. ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்."

ஞாயிறு பூசை முடிந்ததுமே, பாதியில் விட்டுவந்த பயத்தில் போய், அலசிய தண்ணீரை வைத்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். ஃபாதர் நல்ல மனுஷன், குரலைக்கூட உயர்த்தவில்லையாம். 'என்னைத் தவிர உனக்கு வேறு தெய்வம் வேண்டாம்' என்ற முதல் கட்டளையை ஞாபகப்படுத்தினார். இரண்டில் ஒன்று என்றார். இனி வட்டத்தில் நிற்பதில்லை, அந்த வார்த்தைகளில் ஒன்றையும் வாயில் எடுப்பதில்லை என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தால் துணி வேலை அவளுக்கே. இல்லையென்றால் வேறு ஆள். அக்கா தொட்டுவிட்டாள். வழியனுப்பும் வார்த்தையும் அந்த வார்த்தைகளில் ஒன்று.

பார்லர் அம்மாவிடம் போனேன். "கூப்பிட்டவதான் அனுப்பணும், நாங்க யார் சொன்னாலும் நிக்காது" என்று கையை விரித்துவிட்டார். எட்டு நாள் பொறுத்தேன். எட்டாம் நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, என் துண்டு குளியலறைக் கதவுக்கு வெளியே மூன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா வேலைக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஈரத் தலையோடு நேரே கோயிலுக்குப் போனேன்.

"சத்தியம் வாங்கினது நீங்க. நீங்களே வந்து அனுப்புங்க" என்றேன்.

ஃபாதர் வந்தார். அறை அறையாக மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். நாற்காலி ஈரத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, விரலை அங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். அது என்ன தண்ணீர் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். "இது இங்க இருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லி, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தித் தெருவோடு நடந்தே போனார். கோயிலில் பீடத்துக்குப் பின்னால், உடை மாற்றும் அறையில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. அதன் வடிகுழாய் சாக்கடைக்குப் போகாது, நேரே மண்ணுக்குள் இறங்கும். தண்ணீரை அதில் ஊற்றினார்.

அன்று மாலையே எங்கள் நாற்காலி காய்ந்துவிட்டது. நான் வெற்றி வீராங்கனை மாதிரி சாப்பிட்டேன். அக்கா சாப்பிடவில்லை. "வழியனுப்பலியே. எடத்தைத்தானே மாத்தினாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் பூசைக்குப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். பைபிள் வாசகம் படித்துவிட்டு, பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஒருவர் பீடத்தின் மேற்குப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். கால்சட்டையின் பின்புறம் நனைந்திருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை. பீடத்தின் மேல் கைகளை ஊன்றியபடி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து எங்களை உடை மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அவருடைய மற்ற ஆறு அங்கிகளும் இருந்தன. எல்லாம் மூன்றாக மடித்திருந்தன.

"நாலு நாளா இப்படித்தான். நானும் சொல்லாத ஜெபமில்ல" என்றார். "அந்த வழியனுப்பற வார்த்தை என்னம்மா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் ஃபாதர். வாயில எடுக்க மாட்டேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. உண்மையாகவே அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீரோடு. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, பளாரென்று ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது.

தொட்டியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே குழாய் கிடையாது.

"அந்தச் சத்தியத்துலருந்து உன்னை விடுவிக்கிறேன்" என்றார் ஃபாதர்.

"நான் மட்டும் சொன்னாப் பத்தாது ஃபாதர். கூப்பிட்டது என் வட்டத்துல, தண்ணி உங்க பீடத்தோடது. நீங்களும் பக்கத்துல நிக்கணும்."

என்னை வெளியே அனுப்பிவிட்டு ஃபாதர் கதவைச் சாத்தினார். யாரும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எனக்குப் பழகிய வேலை. கதவில் காதை வைத்தேன்.

அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. மேற்கே, தண்ணீரே, வந்ததற்கு நன்றி, அமைதியாகப் போ என்றாள். அவ்வளவுதான், இத்தனை கலவரத்துக்கும் காரணமான வார்த்தை. ஃபாதர் ஏதோ முணுமுணுத்துச் சிலுவை அடையாளம் போட்டிருக்க வேண்டும்; முடிவில் பழக்க தோஷத்தில் ஆமென் என்றார். அக்காவும் ஆமென் என்றாள்.

பிறகு, இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்து, இன்னொரு குரல் அதையே சொன்னது. தாழ்ந்த, ஈரமான, மரியாதையான குரல்.

கதவு திறந்தது. அக்கா வந்தாள், ஃபாதர் வந்தார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. தொட்டி காய்ந்திருந்தது. ஃபாதர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், "அடுத்த வாரத் துணி எப்பவும்போல நீயே கொண்டு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். அதற்குப் பிறகு பௌர்ணமி பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்காவும் சொன்னதில்லை. கோயில் தண்ணீர் ரோஜாச் செடிக்கே போகிறது, கிண்ணத்துக்குக் குழாய்த் தண்ணீர்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், "உள்ள ரெண்டு பேர்தானே போனீங்க. மூணாவதா ஆமென் சொன்னது யாரு?"

அக்கா நின்று, கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"பத்து வருஷமா பீடத்துலருந்து வர்ற தண்ணிடி" என்றாள். "ஆமென் சொல்லக்கூடவா தெரியாது?"